வேட்டியில் விழுந்த நண்டுக்கால்

வெள்ளவத்தை,
31 ஓகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை.

அன்பின் ஜீவாவுக்கு யோசெப்பின் எழுதுவது.

நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், அதை நான் கேட்கத் தேவையில்லை. நலமில்லாத மனிதர் ஒரு பெண்பிள்ளையின் எதிர்காலத்தை ஐந்து நிமிடத்தில் போனில் முடிவு கட்டிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுக்க மாட்டார். நான்தான் நலமில்லை. காய்ச்சல், தடிமன் ஒன்றும் இல்லை. கோபம்.

வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உங்கள் அறைத்தோழர் ஷிராஸ் சிரித்தார். லீவு முடிகிறது, சனிக்கிழமை டோகாவுக்கு விமானம், ஏதாவது கொடுத்துவிட வேண்டுமா என்று கேட்கத்தான் மாளிகாவத்தையிலிருந்து வட்டிலப்பமும் கொண்டு வந்திருந்தார். ஓம், ஒரு கடிதம் என்றேன். நான் வாட்ஸ்அப்பில் பத்து வரி எழுதினால் நீங்கள் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறீர்கள். திலக்ஷனுக்குப் பல் விழுந்தது என்றாலும் கட்டைவிரல், தண்ணீர் மோட்டர் எரிந்தது என்றாலும் கட்டைவிரல். கோல் எடுத்துக் கத்தலாம் என்றால் இரண்டு அறை வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து ஆறு காது. ஆகவே தாளில் கத்துகிறேன். ஓரிடத்தில் இருந்து முழுவதையும் வாசியுங்கள்.

நேற்றுப் பின்னேரம் கனடாவிலிருந்து ரதி கோல் எடுத்தாள். உங்கள் மச்சாள் என்னை அக்கா என்றும் கூப்பிட மாட்டாள், பெயரும் சொல்ல மாட்டாள், "ஹலோ" என்று தொடங்கி நேரே விஷயத்துக்கு வந்துவிடுவாள். "அத்தான் ஓம் எண்டிட்டார். அனுவை ஜனவரியில இஞ்ச எடுக்கிறம். படிவம் அவருக்கு அனுப்பியாச்சு, தகப்பன்ர கையெழுத்து மட்டுந்தான் குறை. நீங்கள் பிள்ளையின்ர உடுப்புகளை ரெடி பண்ணி விட்டாக் காணும்" என்றாள். நான் இந்த வீட்டுக்கு உடுப்பு மடிக்க வந்தவள் என்று அவளுக்கு யார் சொன்னது? அவள் அனுஷியாவின் சித்தி, செத்துப்போன தாய் கௌசலாவின் கூடப் பிறந்தவள், அவளுக்கு உரிமை இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளையைக் கண்டம் விட்டுக் கண்டம் அனுப்புகிற பேச்சு எனக்கு வந்து சேர்ந்த வழியைப் பாருங்கள். நீங்கள் சொல்லவில்லை. பிள்ளையிடமும் கேட்கவில்லை. உடுப்பு மடிக்கச் சொல்கிற சாட்டில் எனக்குத் தெரிய வருகிறது.

இப்படி என்ன அவசரம் என்று கேட்டேன். "அக்கான்ர திவசத்தில பிள்ளையளுக்கு நண்டு தீத்தின வீட்டில அவளை எப்பிடி விடுறது?" என்றாள்.

ஆக, எல்லாம் நான் ஊட்டின அந்த நண்டால் வந்தது. நண்டுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் இந்த விடுமுறையை நான் எப்படிக் கழித்தேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ரதி வீடியோவில் பார்த்தது மூன்று நிமிடம். நான் இந்த மூன்று பேரோடும் முழு ஓகஸ்ட் மாதமும் இருந்திருக்கிறேன்.

நமக்குக் கலியாணப் பதிவு நடந்தது போன நவம்பரில். பெப்ரவரியில் நீங்கள் விமானம் ஏறிவிட்டீர்கள். என் ரொனியின் தகப்பன் இத்தாலிக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்ட மனிதர், வெளிநாடு போகிற ஆண்களைப் பற்றி எனக்குள்ள அபிப்பிராயம் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் போனீர்கள், நானும் போகச் சொன்னேன், சரி. உங்கள் பிள்ளைகள் இரண்டு பேர், என் பிள்ளை ஒருத்தன், மூன்றையும் என் கையில் தந்துவிட்டு நீங்கள் சொன்னது ஒரே ஒரு வசனம்: "யோசி, நீ சமாளிப்பாய்." சமாளித்தேன். எப்படி என்று கேளுங்கள்.

ரொனி மார்ச்சில் பிறந்தவன், திலக்ஷன் மே மாதம். இரண்டு பேருக்கும் ஒன்பது வயது. தான்தான் அண்ணா என்று ரொனி. இரண்டு விரல் உயரம் தனக்குக் கூட, ஆகவே தான்தான் அண்ணா என்று திலக்ஷன். விடுமுறையின் முதல் கிழமை முழுக்க வீட்டில் இதே சண்டை, கதிரை ஒன்றின் கால் போய்விட்டது. கடைசியில் அனுஷியா தீர்ப்புச் சொன்னாள். காலி வீதியில் உள்ள பாமசியில் ஆள் நிறுக்கிற மெஷின் இருக்கிறது, ஒவ்வொரு சனிக்கிழமையும் நிறுப்பது, யார் பாரமோ அந்தக் கிழமைக்கு அவன் அண்ணா. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் என் குசினியில் ஒரு வாழைப்பழம் மிஞ்சுவதில்லை. இரண்டாவது சனிக்கிழமை என் மகன் இஞ்சி இடிக்கிற சின்ன உரலின் குழவியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மெஷினில் ஏறியிருக்கிறான். உங்கள் மகன் பையைத் தட்டிப் பார்த்துவிட்டான். அங்கேயே கட்டிப் புரண்டு, இருமல் மருந்துப் போத்தல்கள் அடுக்கியிருந்த தட்டு சாய்ந்து, நான் ஒரு கையில் ஒருத்தனும் மறு கையில் மற்றவனுமாக வீதியால் இழுத்துக்கொண்டு வந்தேன். இதையும் உங்களுக்கு எழுதினேன். கட்டைவிரல் வந்தது.

பிறகு கடல். ரயில் தண்டவாளத்தைத் தாண்டினால் கடல், பிள்ளைகளை வீட்டுக்குள் எத்தனை நாள் பூட்டி வைப்பது? கீழ்வீட்டு வரதராசா அண்ணை வேட்டி ஊறப்போடுகிற பெரிய நீலப் பேசினை, உடுப்புத் தோய்க்க என்று பொய் சொல்லி இரண்டு பேரும் இரவல் வாங்கியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. கடற்கரையில் போய்ப் பார்த்தால் ரொனி பேசினுக்குள் கப்டன் மாதிரி இருக்கிறான், திலக்ஷன் பின்னால் நின்று தள்ளுகிறான், முழங்கால் அளவு தண்ணீரில் அனுஷியா இரண்டு பேரின் பெனியனையும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஓர் அலை வந்தது. ரொனி வெளியே விழுந்தான். பேசின் மட்டும் தெஹிவளைப் பக்கமாகத் தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் ஒரு மீன்பிடிக்காரர் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து தரும்வரை எனக்கு வரதராசா அண்ணையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் எல்லாவற்றையும் பல்கனியில் நின்று பார்த்திருக்கிறார். "பிள்ளை, தண்ணி மோட்டர் பழுதெண்டு உடுப்பைக் கடலுக்கே கொண்டு போட்டியளோ" என்று கேட்டார்.

இன்னொரு நாள், என் தம்பி செபஸ்தியனின் ஓட்டோவில் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும்போது புறக்கோட்டையில் பொலிஸ் மறித்தது. பின் சீட்டில் நாங்கள் நாலு பேர், செபஸ்தியனின் பக்கத்தில் ஓர் அரிசிச் சாக்கு. யாருடைய பிள்ளைகள் என்று கேட்டார்கள். எல்லாம் அக்காவின் பிள்ளைகள் என்றான் செபஸ்தியன். பிள்ளைகளிடம் தகப்பன் பெயர் கேட்டார்கள். ரொனி ஒரு பெயர் சொன்னான், திலக்ஷன் வேறு பெயர் சொன்னான். பொலிஸ்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். எனக்குப் பயம் வந்தால் சிங்களம் வராது, வாய் மட்டும் திறந்து மூடியது. அப்போது அனுஷியா தலையை வெளியே நீட்டி, "அபி ஒக்கொம எக்கம கெதர, சேர்" என்றாள். நாங்கள் எல்லாரும் ஒரே வீடு என்று. அவர் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். நான் அவளுக்கு நன்றி சொல்லத் திரும்பினேன், அவள் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்தாள். காலையில் தலைமயிரைக் கட்டச் சொல்லி நான் ஏசியது அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அப்படித்தான் இருக்கிறாள் உங்கள் மகள். என்னோடு ஒரு நாளைக்கு இருபது சொல் பேசினால் அதிகம். நான் குறை சொல்லவில்லை, எனக்கும் அவளோடு எப்படிப் பேசுவது என்று தெரியாது.

இனி நண்டு.

நீங்கள் பெப்ரவரியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன், கௌசலா இறந்தது எந்தத் திகதி என்று. செப்டெம்பர் மூன்று என்றீர்கள். நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கொரோனா நேரத்தில் பிள்ளைகள் முகம்கூடப் பார்க்காமல் போய்ச் சேர்ந்த பெண், அந்த நாளை நான் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். குசினிக் கலண்டரைத் திருப்பிச் செப்டெம்பர் மூன்றில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் மாதா கோவிலில் அன்று காலைப் பூசைக்கு அவளுடைய பெயரைக் கொடுத்தேன். இறந்தவர் பெயருக்குப் பூசை வைப்பது உங்கள் வழக்கமில்லை, ஆனால் எனக்குத் தெரிந்த மரியாதை அது. மச்சம் மாமிசம் தொடாமல் ஏழு கறி என்று பட்டியலும் எழுதி வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்த நாள் என்றால் இறந்த திகதி. அது வருடா வருடம் அதே இடத்தில் இருக்கும். உங்கள் பக்கத்தில் அது தேய்பிறையையும் வளர்பிறையையும் பார்த்து முன்னே பின்னே போகும் என்று எனக்கு யார் சொன்னது? நீங்கள் சொன்னீர்களா? இந்த வருடம் அது ஓகஸ்ட் பத்தொன்பதாம் திகதியே வந்துவிட்டது என்று எனக்கு வானத்திலிருந்து எந்தச் சம்மனசு இறங்கி வந்து சொல்லும்?

பத்தொன்பதாம் திகதி செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின நாள் செபஸ்தியன் ஒரு சாக்கு நிறைய உயிர் நண்டு கொண்டு வந்து தந்தான். நான் விடிய நாலு மணிக்கு எழும்பி உடைக்கத் தொடங்கினேன். ஒன்று தப்பித் திலக்ஷனின் பள்ளிச் சப்பாத்துக்குள் புகுந்துகொண்டது. அவன் அலுமாரியின் மேல் ஏறிவிட்டான், ரொனி கட்டிலில் நின்று கத்துகிறான், அனுஷியாதான் தும்புத்தடியால் தட்டி வாளிக்குள் விழுத்தினாள். அன்று எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். பொடியன்கள் இரண்டு பேரும் காலை முழுவதும் சண்டை பிடிக்காமல் தேங்காய் துருவித் தந்தார்கள். மத்தியானம் மேசையைப் பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, நாலு பேரும் ஒன்றாக இருந்தோம். இந்த வீட்டில் அப்படி எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் இருந்தது அதுதான் முதல் தடவை.

அப்போது உங்கள் மகள் செய்ததைக் கேளுங்கள். தனக்கு வயிற்று வலி, நண்டு வேண்டாம் என்றாள். சரி என்று சோறும் பருப்பும் போட்டேன். அவள் அந்தச் சோற்றில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்ப் பல்கனிச் சுவரில் வைத்தாள். உடனே காகங்கள். ஒன்றா இரண்டா, ஊரில் உள்ளது எல்லாம். காய்ந்துகொண்டிருந்த படுக்கை விரிப்பில் எச்சம், மேசையில் தூசு, அதில் ஒரு கொழுத்த காகம் உள்ளே வந்து ரொனியின் கோப்பையிலிருந்து நண்டுக்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பறந்தது. பறந்ததும் போதாதென்று பாரம் தாங்காமல் கீழே போட்டுவிட்டது. கீழே வரதராசா அண்ணை வெள்ளை வேட்டி கட்டி, விரதத்தோடு கோயிலுக்குப் புறப்பட்டு நின்றார். வேட்டியில் மஞ்சள் குழம்பு. அண்ணாந்து பார்த்து, "பிள்ளை, இது உங்கட வீட்டு நண்டுதானே" என்றார். பொடியன்கள் மேசைக்குக் கீழே விழுந்து சிரித்தார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அனுஷியாவைத்தான் பிடித்தேன். எல்லாரும் சாப்பிடும்போது நீ மட்டும் காகத்துக்கு ஊட்டப் போகிறாயா, நாலு மணிக்கு எழும்பிச் சமைத்தவளுக்கு இதுதானா மரியாதை, உனக்கு என் சமையல் பிடிக்காவிட்டால் வாயைத் திறந்து சொல் என்று ஏசினேன். அவள் விரிப்பை எடுத்துக்கொண்டு போய்த் தோய்த்துப் போட்டாள்.

அந்த நேரம் பார்த்து ரதியின் வீடியோ கோல். போனை எடுத்தது திலக்ஷன். "சித்தி, இஞ்ச பாருங்கோ" என்று நண்டுக்காலைக் கமராவுக்கு முன்னால் பிடித்து ஆட்டியிருக்கிறான். அங்கே விடியுமுன்பே எழும்பி அவள் அக்காவின் படத்துக்கு மாலை போட்டு, தலைக்குக் குளித்து, அழுதுகொண்டு எடுத்திருக்கிறாள். அவளுடைய நெஞ்சு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இப்போது விளங்குகிறது. அன்று விளங்கவில்லை. அவள் கத்தினாள், நான் எதற்குக் கத்துகிறாள் என்று தெரியாமல் நின்றேன், அனுஷியா ஓடி வந்து போனைப் பறித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகுதான் ரதி உங்களுக்குக் கோல் எடுத்து, நீங்கள் ஓம் சொன்னது.

ஜீவா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பத்தொன்பதாம் திகதி நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்? எனக்குத் தெரியும். ஷிராஸ் லீவில் வருவதற்கு மூன்று நாள் முன் எடுத்த படத்தைப் போனில் காட்டினார். உங்கள் அறையில் யாருக்கோ பிறந்தநாள், கோழிப் புரியாணி, நடுவில் நீங்கள் எலும்பைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறீர்கள். படத்தின் மேல் திகதி இருந்தது. பாவம் அவர் எதையும் நினைத்துக் காட்டவில்லை. ஆக, நீங்களும் மறந்தீர்கள். அவள் உங்கள் மனைவி, நீங்கள் மறந்தீர்கள். ஆனால் ரதி கேட்டபோது அதைச் சொல்ல வெட்கப்பட்டு, நான் பிள்ளைகளைச் சரியாகப் பார்க்கவில்லை என்கிற பேச்சுக்கு ஓம் போட்டீர்கள். நண்டு நான் சமைத்தது, மறதி உங்களுடையது, தண்டனை பிள்ளைக்கா? இதை நான் மன்னிக்கப் போவதில்லை. இன்றைக்கு இத்துடன் நிறுத்துகிறேன்.


3 செப்டெம்பர், புதன்கிழமை பின்னேரம்.

மேலே எழுதியதை ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். கிழிக்கவில்லை. கோபம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கட்டும். ஆனால் அதில் ஓரிடம் பிழை, அதைத் திருத்த வேண்டும்.

திதி போனால் போகட்டும், நான் வட்டம் போட்ட நாளை விட மனம் வரவில்லை. காலையில் மூன்று பேரையும் பள்ளிக்கு அனுப்பாமல் கொட்டாஞ்சேனைக்குப் பூசைக்குக் கூட்டிப் போனேன். சுவாமி கௌசலாவின் பெயரை வாசித்தபோது திலக்ஷன் பெருமையாகத் திரும்பி எல்லாரையும் பார்த்தான். வீட்டுக்கு வந்து ஏழு கறி சமைத்தேன். கௌசலாவின் படத்தை முன் அறையில் வைத்து, வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய வாழையிலையைப் போட்டு, எந்தப் பக்கம் நுனி வர வேண்டும் என்று தெரியாமல் நின்றேன். அனுஷியா வந்து இலையைத் திருப்பி வைத்தாள். பிறகு, "அன்ரி, முதல் காகத்துக்கு வைக்கோணும்" என்றாள்.

நான் கேட்கும் முன்பே ஒரு பிடி சோற்றை எடுத்துப் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து, பல்கனிச் சுவரில் அதே இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். அந்த இடத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. அண்டைக்கும் இதற்காகவா வைத்தாய் என்று கேட்டேன். ஓம் என்றாள். குசினிக் கலண்டரிலேயே ஒவ்வொரு நாளுக்கும் கீழே திதி சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கிறது, தாயின் திதியான ஆவணித் தேய்பிறை ஏகாதசி அன்றுதான் என்று அவள் விடியவே பார்த்துவிட்டாள். நான் சிவப்பு வட்டம் போட்ட அதே கலண்டர், அந்தச் சின்ன எழுத்தை நான் ஒரு நாளும் வாசித்ததில்லை. வரதராசா அண்ணையின் விரதமும் அதே ஏகாதசி விரதந்தான், அதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க நாலு மணிக்கு எழும்பி நண்டு உடைச்சனீங்க. சொல்லியிருந்தா எல்லாத்தையும் கொட்டியிருப்பீங்க. தம்பிமார் ரெண்டு பேரும் அண்டைக்குத்தான் சண்டை பிடிக்காம இருந்தவங்கள்" என்றாள். தம்பிமார் இரண்டு பேரும் என்றாள், ஜீவா. திலக்ஷன் என்று சொல்லவில்லை.

வயிற்று வலி பொய். தாயின் திவசத்துக்கு அவள் தனியாக மரக்கறி சாப்பிட்டு, தனியாகக் காகத்துக்கு வைத்து, அதற்கு என்னிடம் ஏச்சும் வாங்கி, விரிப்பையும் தோய்த்துப் போட்டிருக்கிறாள். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ரதியிடம் சொன்னது, "அன்ரிக்குத் தெரியாது, பிழை என்னில" என்றுதானாம். ரதி கேட்கும் நிலையில் இல்லை. அனுஷியாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். பெரியவள் சின்னவளிடம் கேட்கலாமா என்று யோசிக்கவில்லை, கேட்டுவிட்டேன். அவள், பரவாயில்லை அன்ரி, காகம் வந்திட்டுது பாருங்கோ என்றாள். வந்தது அதே கொழுத்த காகம். நண்டு இருக்கிறதா என்று முதலில் மேசையைத்தான் எட்டிப் பார்த்தது. பிறகு மனமில்லாமல் சோற்றைச் சாப்பிட்டது. கீழே வரதராசா அண்ணை ஒரு குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சாப்பிட்ட பிறகு அவள் இலைகளை மடித்தபடி என்னைப் பார்க்காமல் கேட்டாள், "நான் இல்லாட்டி அடுத்த முறை உங்களுக்கு ஆர் திதி பாத்துச் சொல்றது?" என்று. ஆறு காது என்று முதலில் எழுதினேனே, அதில் இரண்டு அவளுடையது. அவளுக்குக் கனடாக் கதை தெரியும். எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. குசினிக்குப் போய்க் கழுவின பானையையே திரும்பக் கழுவினேன்.

அவள் போக விரும்புகிறாளா இல்லையா, எனக்குத் தெரியாது. கேட்க எனக்குப் பயம். போன ஞாயிற்றுக்கிழமை கோபம் கோபம் என்று எழுதியதில் பாதி இந்தப் பயம்தான் என்று இப்போது சொல்கிறேன். எனக்கு அவள் அன்ரி என்று கூப்பிடுவது போதும். அம்மா அவளுக்கு இருக்கிறாள், முன் அறையில் மாலையோடு இருக்கிறாள். ஆனால் அவள் இல்லாமல் இந்த வீட்டில் சனிக்கிழமை தீர்ப்புச் சொல்ல ஆளில்லை, பொலிஸ் மறித்தால் பதில் சொல்ல ஆளில்லை. எனக்கு அவள் வேண்டும். இதை இவ்வளவு நேராக நான் யாருக்கும் எழுதியதில்லை.

ஆகவே இதைச் செய்யுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவளுக்குக் கோல் எடுங்கள். எனக்கு வேண்டாம், திலக்ஷனுக்கு வேண்டாம், அவளுக்கு. கட்டைவிரலை மடக்கி வைத்துக்கொண்டு வாயால் கேளுங்கள். போக வேண்டும் என்று அவள் தன் வாயால் சொன்னால், நானே அவளுடைய உடுப்பை மடித்துப் பெட்டி கட்டி, விமானநிலையம் வரை கூட்டிக்கொண்டு போய் விடுவேன், ஒரு சொல் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லாவிட்டால், ரதிக்கு நீங்கள் பேசுங்கள். நீங்களும் அன்று மறந்தீர்கள் என்பதை அவளுக்கு நீங்களே சொல்லுங்கள். அவள் அழுத அழுகைக்கு அந்த உண்மை நாம் பட்ட கடன்.

பொடியன்கள் நலம். இந்தக் கிழமை அண்ணா திலக்ஷன், அரைக் கிலோவால். ரொனி உங்களுக்கு ஒரு படம் கீறித் தந்திருக்கிறான், நீலப் பேசின், அதற்குள் ஐந்து பேர். நீங்கள்தான் துடுப்புப் பிடிக்கிறீர்கள். வெயிலில் வேலை செய்யும்போது தொப்பி போடுங்கள், உப்புத் தண்ணீர் குடியுங்கள். ஆண்டவரும் உங்கள் பிள்ளையாரும் சேர்ந்து உங்களைக் காக்கட்டும், ஒருவருக்கு வேலை கூடினால் மற்றவர் பார்த்துக்கொள்வார்.

கடைசியாக ஒன்று. அடுத்த வருடம் ஆவணித் தேய்பிறை ஏகாதசி எந்தத் திகதியில் வருகிறது என்று பார்த்து, உங்கள் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி ஷிராஸின் ஆட்கள் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். சந்தையில் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும், அன்றைக்கு எத்தனை இலை வாங்குவது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னும் கோபத்தோடு, உங்கள்
யோசி.